பெஞ்சில் தாளம் போட்ட பிள்ளைகள்: ஸ்கா இசையும் ஒரு பள்ளியும்

(மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில், சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவரின் நிலைமை எப்படி இருக்கும் என்பது ஐந்தாம் பாடவேளை எடுக்கிற நம் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் இன்று பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நமக்குப் பழக்கமில்லாத பாட்டு. ஊர் ஜமைக்கா, இசையின் பெயர் ஸ்கா.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். அவனுடைய அப்பா பேண்டு செட்டில் டிரம் அடிப்பவர். பையன் கை சும்மா இருக்காது. பெஞ்சில், ஜாமெட்ரி பாக்ஸில், தண்ணீர் பாட்டிலில் எல்லாம் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான். நான் அவனை வெளியே நிறுத்துவேன். வெளியே நின்றபடி ஜன்னல் கட்டையில் தட்டுவான். முகூர்த்த நாள்களில் வர மாட்டான். "ஆப்சென்ட், ஆப்சென்ட்" என்று வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டான். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பதிவேட்டில் அவன் பெயரைச் சுற்றி வட்டம் போட்டது நான்தான்.

இதை நான் மறந்தே போயிருந்தேன். இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊரில் படிக்கிற என் தம்பி மகன், போன வருடம் அங்கே ஓர் இசை அருங்காட்சியகத்துக்குப் போய்வந்து சில பாட்டுகளை அனுப்பினான். "பெரியப்பா, கேட்டுப் பாருங்க, ஆட்டம் தானா வரும்" என்றான். வந்தது. யார் இவர்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் போய் நின்றேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

ஜமைக்கா எவ்வளவு சின்ன நாடு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவை 1655-இல் ஸ்பெயின்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் உழைக்க வைத்தார்கள். 1838-இல்தான் முழு விடுதலை கிடைத்தது. தோட்டத்தை விட்டவர்கள் மலைப்பக்கம் போனார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்து, அதன் மேற்குப் பகுதியில் தகரக் குடிசைகளில் தங்கினார்கள். நாடு சுதந்திரம் அடைந்தது 1962 ஆகஸ்ட் 6-ஆம் நாள். அப்போது மக்கள்தொகை 16 லட்சத்தைச் சுற்றி.

ஸ்கா பிறந்தது இந்தச் சுதந்திரத்தை ஒட்டிய நான்கைந்து ஆண்டுகளில். அது பிறந்த இடம் மைக் செட்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் காதுகுத்து, கோயில் கொடை என்றால் மைக் செட்காரர் வந்து மரத்தில் குழாயைக் கட்டுவாரே, அதுபோல 1950-களில் கிங்ஸ்டனில் 'சவுண்ட் சிஸ்டம்' என்று ஒன்று உருவானது. பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், இசைத்தட்டு சுழற்றும் கருவி, அதை இயக்க ஓர் ஆள். ஒரு திறந்தவெளியைச் சுற்றி வேலி கட்டி நுழைவுக் கட்டணம் வைத்துவிட்டால் இரவெல்லாம் ஆட்டம். நேரடி இசைக்குழுவை அமர்த்த ஏழைகளால் முடியாது. அவை மேல்தட்டினரின் ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் வாசித்தன. சவுண்ட் சிஸ்டம்தான் ஏழைகளின் கச்சேரி மேடை.

போட்ட பாட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'ரிதம் அண்டு புளூஸ்'. மயாமி, நியூ ஆர்லியன்ஸ் வானொலி நிலையங்களின் ஒலி இரவில் காற்று வாக்கில் கடலைத் தாண்டி வரும். காக்ஸன் டாட் என்பவர் அமெரிக்காவுக்கு விவசாயக் கூலியாகப் போய், திரும்பும்போது இசைத்தட்டுகளை வாங்கிவந்து சவுண்ட் சிஸ்டம் தொடங்கியவர். அவருக்குப் போட்டி டியூக் ரீட், முன்னாள் போலீஸ்காரர். இவர்கள் போட்டியைக் கேட்டால் நம் ஊர் மைக் செட்காரர்கள் தோற்றுப்போவார்கள். அபூர்வமான தட்டு கிடைத்தால் அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எதிராளிக்குப் பாட்டின் பெயர் தெரியக் கூடாதாம். காக்ஸன் அப்படிச் சுரண்டிய ஒரு தட்டுக்குத் தன் பெயரையே சூட்டி நெடுநாள் ஓட்டினார். ஒருநாள் எதிர் முகாமில் டியூக் ரீட் அதே பாட்டைப் போட, காக்ஸன் மயங்கி விழாத குறை என்று சொல்வார்கள்.

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ரசனை மாறிற்று. ராக் அண்டு ரோல் வந்தது, இவர்களுக்குப் பிடித்த பழைய வகைப் பாட்டுகள் வருவது குறைந்தது. ஆடுகிற கூட்டமோ புதுப்பாட்டு கேட்கிறது. என்ன செய்வது? உள்ளூர் ஆள்களை வைத்து நாமே பதிவு செய்வோம் என்று இறங்கினார்கள். அமெரிக்கப் பாட்டைப் போலவே வாசிக்கத்தான் முயன்றார்கள். ஆனால் கை அவர்கள் கை. அதில் நாட்டுப்புற 'மென்டோ' இருந்தது, மேளம் இருந்தது. அழுத்தம் இடம் மாறி விழுந்தது.

அது எங்கே விழுந்தது என்பதைச் சொல்லாமல் கடந்தால் ஸ்கா புரியாது. இப்போது உட்கார்ந்தபடியே செய்து பாருங்கள். 'தக தக தக தக' என்று மெதுவாகச் சொல்லுங்கள். 'த' வரும்போது காலைத் தரையில் தட்டுங்கள், 'க' வரும்போது கையைத் தட்டுங்கள். நம் கால் இருப்பது தாளத்தின் மீது. கை இருப்பது இரண்டு தாளங்களுக்கு நடுவில். ஸ்காவில் கிட்டாரும் பியானோவும் அந்த 'க'-வில் மட்டும்தான் ஒலிக்கும். வெட்டி வெட்டி, குட்டையாக. பேஸ் கிட்டார் 'த'-வைப் பிடித்துக்கொண்டு நடக்கும். கேட்கிறவர் உடம்பு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தானாக மேலும் கீழும் அசையும். நம் இசையிலும் பாட்டை அரை இடத்தில் எடுப்பது உண்டு. ஆனால் நமக்கு அது பாட்டு தொடங்கும் இடம். இவர்களுக்கோ பக்கவாத்தியம் முழுநேரமும் குடியிருக்கும் இடம்.

'ஸ்கா' என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். கிட்டார் கம்பியின் அந்த வெட்டு ஒலியே பெயராகிவிட்டது என்பார்கள் சிலர். குளூவெட் ஜான்சன் என்ற பேஸ் கலைஞர் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் 'ஸ்காவூவி' என்று விளித்ததிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். எனக்கு முதல் கதைதான் பிடித்திருக்கிறது. பறை, தவில், உடுக்கை என்று எத்தனை வாத்தியம் வைத்திருக்கிறோம். ஒலியைப் பெயராக்குவது நமக்குப் புதிதா என்ன?

பிரின்ஸ் பஸ்டர் என்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. குத்துச்சண்டை பழகிய ஏழை வீட்டுப் பிள்ளை. காக்ஸனிடம் வேலை பார்த்துவிட்டு, தனியாகத் தொழில் தொடங்கினார். 1960-ஐ ஒட்டி அவர் ஒரு துணிச்சலான வேலை செய்தார். ராஸ்தாஃபாரி என்ற பிரிவினர் அன்றைய ஜமைக்காவில் ஒதுக்கப்பட்டவர்கள். சடைமுடி வைத்தவர்கள், ஆப்பிரிக்காவே தாய்நாடு என்று சொன்னவர்கள், போலீசின் அடி வாங்கியவர்கள். அவர்களுடைய மேளக்காரர் கவுன்ட் ஓஸியையும் அவர் குழுவையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்து, 'ஓ கரோலினா' என்ற பாட்டுக்கு அந்த மேளங்களையே வாசிக்க வைத்தார். சாவு வீட்டு மேளத்தை சினிமாப் பாட்டில் முதன்முதலாகக் கேட்டபோது நம்மில் சிலர் முகம் சுளித்தோமே, சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒலி வானொலிப் பெட்டி வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

சரி, பாட்டுக்கு ஆள் வந்தாயிற்று, பணம் போட ஆள் வந்தாயிற்று. வாசிக்க? டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிராம்போனும் நோட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரிந்த ஆள்கள் ஒரு ஏழைத் தீவில், அதுவும் குடிசைப் பகுதியில், எங்கிருந்து வந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில்தான் அந்தப் பள்ளிக்கூடம். கிங்ஸ்டனில் சவுத் கேம்ப் சாலையில் இருக்கிறது. ஆல்ஃபா சிறுவர் பள்ளி. 1880-இல் ஜெஸ்ஸி ரிப்போல் என்ற பெண்மணி தம் தோழியரோடு சேர்ந்து ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து இங்கிலாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் கன்னியர் சபை பொறுப்பேற்றது. தாய் தந்தை இல்லாதவர்கள், வளர்க்க முடியாமல் விடப்பட்டவர்கள், பள்ளிக்குப் போகாமல் ஊர் சுற்றியதற்காக நீதிமன்றம் அனுப்பிவைத்தவர்கள் எனப் பலவகைப் பிள்ளைகள். அச்சு வேலை, தையல், தச்சு, தோட்ட வேலை என்று கைத்தொழில் கற்றுத் தருவார்கள். அத்தோடு ஒரு பேண்டு. 1890-களில் மேளமும் குழலுமாகத் தொடங்கிய அணி, பிறகு பித்தளை வாத்தியங்கள் வந்து முழு பேண்டானது.

இசைக்கலைஞர்களை உருவாக்கும் கனவெல்லாம் தொடக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. தச்சு ஒரு தொழில், தையல் ஒரு தொழில், வாத்தியமும் ஒரு தொழில். வெளியே போனால் ராணுவ பேண்டில் வேலை கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் கற்றுத் தந்த விதம் கறாரானது. கேட்டு வாசிப்பதெல்லாம் பிறகு, முதலில் நோட்டேஷன் படிக்க வேண்டும். அணிவகுப்பு இசையும் மேற்கத்திய செவ்வியல் இசையும்தான் பாடம். 1940-50களில் ரூபன் டெல்கடோ என்ற பேண்டு ஆசிரியர் இருந்தார். பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குக் கற்றுத் தரும் வழக்கமும் இருந்தது. டிராம்போன் மேதை டான் டிரம்மண்ட் அங்கே மாணவராக இருந்துகொண்டே இளையவர்களுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அவரிடம் படித்தவர்தான் ரிகோ ரோட்ரிக்ஸ். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.

இந்தப் பள்ளிக்கு 1939-இல் ஓர் இளம் கன்னியர் வந்து சேர்ந்தார். சகோதரி மேரி இக்னேஷியஸ் டேவிஸ். ஜமைக்காவிலேயே பிறந்தவர், அப்போது அவருக்குப் பதினேழு பதினெட்டு வயது. 2003-இல் இறக்கும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பள்ளியைவிட்டுப் போகவில்லை. பணிமாறுதல் கலந்தாய்வுக்கு வருடா வருடம் ஓடுகிற நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

ஒல்லியான உருவம். பையன்கள் அவருக்கு 'எலும்பு' என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நமக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதவரை நல்லது. கிரிக்கெட், கால்பந்து, குத்துச்சண்டை எல்லாவற்றிலும் அவருக்கு ஆர்வம். அதைவிட இசைத்தட்டுகள். செவ்வியல் இசை, ஜாஸ், கியூபா இசை, ரிதம் அண்டு புளூஸ் என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். 1960-களின் நடுவில் 'மட் அண்டு ஜெஃப்' என்ற பெயருள்ள ஒரு சவுண்ட் சிஸ்டத்தையே பள்ளிக்காக விலைக்கு வாங்கிவிட்டார். யோசித்துப் பாருங்கள். அங்கியும் முக்காடுமாக ஒரு கன்னியர், மைக் செட் வாங்குகிறார். வார இறுதியில் தானே தட்டுகளைப் போட்டு பையன்களைக் கேட்க வைப்பார், ஆட விடுவார், வாசிக்கிற பையனிடம் இதைக் கவனி, அதைக் கவனி என்பார்.

ஊரில் படித்தவர்கள் அந்த இசையைத் தெருப்பொறுக்கிகளின் சத்தம் என்று நினைத்த காலம் அது. வானொலி நிலையங்கள் தயங்கித் தயங்கித்தான் போட்டன. பேசுகிற மொழியோ பட்வா என்கிற உள்ளூர் மொழி. பள்ளிக்கூடங்களில் திருத்தப்பட வேண்டிய தவறாகத்தான் அது நடத்தப்பட்டது. அந்தச் சத்தத்தைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவந்து நோட்டேஷன் வகுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார் அவர். நான் எட்டாம் வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியதை அவர் உள்ளே அழைத்தார் என்று எனக்குத் தோன்றியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆல்ஃபாவில் படித்த ஜானி 'டிஸ்ஸி' மூர் என்ற டிரம்பெட் கலைஞரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் ஆதரவற்ற பிள்ளை இல்லை, நல்ல குடும்பம். வீட்டில் இசை வேண்டாம் என்றார்கள். ஆல்ஃபாவில் சேர்ந்தால் வாத்தியம் கற்கலாம், ஆனால் அங்கே கெட்ட பிள்ளைகளைத்தானே சேர்ப்பார்கள்? அதனால் வேண்டுமென்றே கெட்ட பிள்ளையாக நடந்து, வீட்டாரே கொண்டுபோய் விடும்படி செய்துகொண்டாராம். அவரே சொன்ன கதை. வகுப்பில் அடங்காத ஒரு பிள்ளை எதைக் கேட்டு அடங்காமல் இருக்கிறான் என்று நாம் எத்தனை முறை விசாரித்திருக்கிறோம்? நான் விசாரித்ததில்லை.

ஆல்ஃபா சொர்க்கம் அல்ல. கண்டிப்பான விடுதி. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் இல்லம். அங்கே போனவர்கள் எல்லாரும் கலைஞர் ஆகவில்லை. பெரும்பாலோர் அச்சகத்துக்கும் தச்சுப் பட்டறைக்கும் போனார்கள். சகோதரி இக்னேஷியஸ் ஒருவரால்தான் எல்லாம் நடந்தது என்று சொன்னாலும் அது டெல்கடோ போன்ற பேண்டு ஆசிரியர்களுக்குச் செய்யும் அநியாயம். அங்கே படித்துவிட்டுப் பிறகு அங்கேயே பேண்டு ஆசிரியராக வந்த லென்னி ஹிபர்ட் போன்றவர்களும் உண்டு.

1964-இல் கிங்ஸ்டனில் ஓர் இசைக்குழு உருவானது. விண்வெளிப் போட்டி நடந்த காலம், எங்கும் சாட்டிலைட் பேச்சு. அந்தச் சொல்லையும் ஸ்காவையும் கலந்து 'ஸ்கேட்டலைட்ஸ்' என்று பெயர் வைத்தார் சாக்ஸபோன் கலைஞர் டாமி மெக்குக். குழுவின் ஊதுகருவிக்காரர்களில் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், டிஸ்ஸி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் ஆல்ஃபா மாணவர்கள். குழு இருந்தது பதினான்கு மாதங்களே. அதற்குள் அவர்கள் வாசித்த பதிவுகள் நூற்றுக்கணக்கில். காலையில் ஒரு தயாரிப்பாளர், மாலையில் இன்னொருவர். பாப் மார்லி என்ற பெயரை நம் பிள்ளைகளின் டி-சட்டையிலாவது பார்த்திருப்பீர்கள். அவருடைய 'வெய்லர்ஸ்' குழுவின் முதல் வெற்றிப் பாட்டான 'சிம்மர் டவுன்' பாட்டுக்குப் பின்னால் வாசித்தவர்கள் இவர்கள்தாம்.

இவர்கள் மேலே வந்தபோது நடந்ததைப் பாருங்கள். 1964-இல் நியூயார்க்கில் உலகப் பொருட்காட்சி. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு, உலகத்துக்குத் தன் இசையைக் காட்ட விரும்புகிறது. தேசிய இசை என்று ஸ்காவைத் தேர்ந்தெடுக்கிறது அரசு. மகிழ்ச்சி. ஆனால் குடிசைப் பகுதியில் இந்த இசையை வளர்த்த ஸ்கேட்டலைட்ஸை அனுப்பவில்லை. பைரன் லீ என்பவரின் மேல்தட்டு ஓட்டல் இசைக்குழுவை அனுப்பினார்கள். பிரின்ஸ் பஸ்டர், ஜிம்மி கிளிஃப், மில்லி ஸ்மால் ஆகிய பாடகர்கள் போனார்கள் என்பது ஓரளவு ஆறுதல். வாசித்துக் கண்டுபிடித்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். இதை வர்க்கப் பாகுபாடு என்றுதான் அன்றைய கலைஞர்கள் பலர் பேசினார்கள். கலை வேண்டும், கலைஞன் வேண்டாம் என்கிற இந்தக் கணக்கு ஜமைக்காவுக்கு மட்டும் உரியதல்ல. ஆண்டுவிழா மேடையில் பறையாட்டத்துக்குக் கைதட்டிவிட்டு, அதே பறையடிக்கிற வீட்டுப் பிள்ளையின் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை போட்ட ஆள் நான்.

அதே 1964-இல் மில்லி ஸ்மால் என்ற பதின்பருவப் பெண் லண்டனில் பாடிய 'மை பாய் லாலிபாப்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. உலகம் ஸ்காவைக் கேட்டது அந்தப் பெண்ணின் குரலில்தான்.

டான் டிரம்மண்டைப் பற்றிச் சொல்லும்போது கதையின் இருண்ட பக்கத்தை மறைத்துவிடக் கூடாது. பள்ளிக்குப் போகாமல் திரிந்ததால் ஆல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டவர். டிராம்போனில் அவர் வாசித்தவற்றில் ஓர் ஆழ்ந்த துயரம் இருக்கும். ஆட்டப் பாட்டுக்குள் அந்தத் துயரத்தை எப்படி வைத்தார் என்று இன்றும் வியக்கிறார்கள். நெடுநாளாக மனநோய் இருந்தது. 1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம்முடன் வாழ்ந்த நடனக் கலைஞர் மார்கரீட்டாவைக் கத்தியால் குத்திக் கொன்றார். மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு 1969-இல் அங்கேயே இறந்தார். மேதையின் சோகம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இறந்துபோன அந்தப் பெண்ணை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவரும் கலைஞர்தான். தம் கச்சேரிகளில் ராஸ்தா மேளக்காரர்களுக்கும் இடம் தர வேண்டும் என்று வற்புறுத்தியவர் என்று சொல்வார்கள்.

1965-இல் குழு கலைந்தது. அடுத்த ஆண்டுக்குள் வேகம் குறைந்து 'ராக்ஸ்டெடி' ஆயிற்று, 1968 வாக்கில் 'ரெகே' ஆயிற்று. ரெகேயை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும், அதனால் வேகமாகத் தாண்டுகிறேன். ஸ்கா அத்தோடு முடியவில்லை. அது கப்பலேறிப் போயிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1948 முதல் கரீபியன் மக்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். பஸ் ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள், வாடகைக்கு வீடு கேட்டுக் கதவுகள் சாத்தப்பட்டு நின்றார்கள். அவர்களுடைய பெட்டிகளில் ஸ்கா தட்டுகளும் போயின. நான் சொன்ன ரிகோ ரோட்ரிக்ஸும் 1961-இன் கடைசியில் இங்கிலாந்துக்குப் போனார். கலை சோறு போடாத நாள்களில் தொழிற்சாலை வேலையும் பார்த்தார்.

கவென்ட்ரி கார்த் தொழிற்சாலைகளின் ஊர். 1970-களின் கடைசியில் தொழிற்சாலைகள் நொடித்தன. வேலை போன வெள்ளை இளைஞர்களிடம், உன் வேலையைப் பறித்தவன் இவன்தான் என்று கறுப்பரையும் ஆசியரையும் காட்டிக் கொடுக்க ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த ஊரில் ஜெர்ரி டாமர்ஸ் என்ற இளைஞர் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த 'ஸ்பெஷல்ஸ்' என்ற குழுவை அமைத்தார். எதை வாசிப்பது? இரு தரப்பும் சிறுவயதில் ஆடிய இசை எது? ஸ்கா. 1979-இல் 'டூ டோன்' என்று ஒலிப்பதிவு நிறுவனம் தொடங்கினார், இரு நிறம் என்று பொருள். கறுப்பு வெள்ளைக் கட்டம்தான் சின்னம். 1981-இல் கவென்ட்ரியில் இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டபோது, இனவெறிக்கு எதிராக அதே ஊரில் கச்சேரி நடத்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில், பிரிட்டிஷ் நகரங்கள் கலவரத்தில் எரிந்தபோது, மூடிக்கிடக்கும் ஊரைப் பற்றிய அவர்களுடைய 'கோஸ்ட் டவுன்' பாட்டு விற்பனையில் முதல் இடத்தில் இருந்தது. அதில் டிராம்போன் வாசித்தவர் ரிகோ.

பாருங்கள், கிங்ஸ்டனில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியில் ஒரு பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது, முப்பது ஆண்டுகள் கழித்து, கடல் தாண்டி, வேலையிழந்த வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே மேடையில் நிற்பதற்குக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. இதை எந்தக் கற்றல் விளைவுப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஆல்ஃபாவின் விடுதி 2014-இல் மூடப்பட்டது. பகல் நேரப் பயிற்சி நிறுவனமாக அது இன்றும் நடக்கிறது, இசையும் கற்றுத் தருகிறார்கள்.

நடைமுறை விஷயம் ஒன்று. எங்கள் பள்ளியில் கிடங்கு அறையில் நான்கு சைடு டிரம்மும் ஒரு பெரிய டிரம்மும் கிடந்தன. சுதந்திர தின அணிவகுப்புக்கு மட்டும் தூசு தட்டுவோம். சாவி உடற்கல்வி ஆசிரியரிடம். தோல் கிழிந்துவிட்டது என்றார். உள்ளூர் பேண்டு செட்காரரைக் கூப்பிட்டுத் தோல் மாற்றினோம், செலவை ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இப்போது அவற்றுக்கு உரியது. அந்தப் பாடவேளையைக் கேட்டு கணித ஆசிரியர் இரண்டு முறை வந்தார், பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குகிறது என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தரவில்லை. சண்டை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் இங்கே மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தோல் மாற்ற வந்தவரிடம் என் பழைய மாணவனைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. திருப்பூரில்தான் இருக்கிறானாம், தையல் மெஷினில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு செட்டோடு சேர்ந்து வாசிக்கப் போகிறானாம். எண் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பேசவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு பாட்டு போடுகிறேன், மூன்று நிமிடம்தான். ஸ்கேட்டலைட்ஸின் 'கன்ஸ் ஆஃப் நவரோன்'. பாட்டு வரி கிடையாது, வாத்தியம் மட்டும். காலை 'த'-வில் வையுங்கள், கையை 'க'-வில். சார், அந்த ஸ்பீக்கர் ஒயரைக் கொஞ்சம் மாட்டிவிடுங்கள்.